ஒத்த சிந்தனை

லிஃப்ட்டுக்காரர் தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரே ஒரு பொருளைத்தான் கண்டுபிடித்தார். அதைத் திருட்டிலிருந்து காப்பாற்றுவதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. அந்த வாரியம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பொருள் இன்றைக்கும் அவரிடமே இருந்திருக்கும்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. ஒருநாள் அவருடைய மாமியார் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதிர்வீட்டில் நடந்த சண்டையைக் கேட்க ஜன்னலுக்குப் போனார். நல்ல சண்டை. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, திரைச்சீலை பற்றிக்கொண்டு, கூரைவரை கரி ஏறிய பிறகுதான் மாமியாருக்குப் பாலின் ஞாபகம் வந்தது.

"நான் அணைச்சுட்டுத்தான் போனேன்" என்றார் மாமியார். கடைசிவரை அந்தக் கட்சியிலிருந்து அவர் மாறவே இல்லை.

அதன் பிறகு லிஃப்ட்டுக்காரரின் மனைவிக்கு வேலையில் மனம் ஓடவில்லை. மின்சாமான் கடையில் அவர் விற்பனைப் பெண். வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவார். "அம்மா, அடுப்பை அணைச்சாச்சா?" மறுமுனையில், "அணைச்சாச்சு, அணைச்சாச்சு. உனக்கு வேற வேலையே இல்லையா?"

மனைவியின் நிம்மதிக்காக லிஃப்ட்டுக்காரர் கேஸ் அடுப்புக்கு, கையால் திருப்பும் திருகு ஒன்றைச் செய்தார். அடுப்பில் இருக்கும் திருகைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவ்வப்போது அதன் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்ட ஆளில்லையென்றால் வில் விடுபட்டு, தானே திரும்பி அடுப்பை அணைத்துவிடும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அதற்கு 'அணைச்சாச்சு' என்று பெயர் வைத்தார்கள். மாமியார் அதைத் தன்மேல் வைத்த குத்தலாகவே எடுத்துக்கொண்டார், இருந்தாலும் தட்டினார்.

பக்கத்து வீடுகள் கேட்டன. பிறகு கடைகள் கேட்டன. லிஃப்ட் வேலையை விட்டுவிட்டு, தையற்கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். வார்ப்பு அச்சை மாடிக்குத் தூக்கிப் போகும்போது லிஃப்ட்டுக்காரர் கைதவறிப் படியில் போட்டுவிட்டார். (லிஃப்ட் இல்லாத கட்டடம்.) அச்சின் கன்னத்தில் ஒரு நசுங்கல் விழுந்தது. அன்றிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு திருகிலும் கன்னத்தில் ஒரு பள்ளம்.

"புது அச்சு வாங்கலாமா?" என்றார் மனைவியிடம்.

"அடுப்புத் திருகுக்கு என்ன பொண்ணு பாக்கவா வரப்போறாங்க? அப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வியாபாரம் நன்றாகத்தான் போனது. கெட்ட நேரம் ஒரு நல்ல மனிதர் ரூபத்தில் வந்தது. பாத்திரக்கடை முதலாளி சொன்னார்: "அண்ணே, வாரியத்துல பதிவு பண்ணி வெச்சுடுங்க. இல்லேன்னா எவனாவது பெரிய ஆளு சுட்டுடுவான்."

*

புத்தாக்கக் காப்பு வாரியத்தின் வாசலில், கருத்தைக் குறிக்கும் ஆளுயரப் பல்பு ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றது. எரியவில்லை. சுவரில் 'உங்கள் கருத்து எங்கள் உயிர்' என்று எழுதியிருந்தது. வாரியத்தின் செயலர் பஞ்சுபோலப் பேசுகிறவர். யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு மகிழ்வார்.

"ஆகா! நீங்க ஒரு ஸ்டார்ட்-அப்!"

"இல்லைங்க, நான் லிஃப்ட் மெக்கானிக்."

"அதெல்லாம் பழைய கதை. இந்த நாட்டோட எதிர்காலமே நீங்கதான். அந்தப் பெஞ்சுல கொஞ்சம் உட்காருங்க."

எதிர்காலம் பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தது. பிறகு நிபுணர் குழுவுக்கு முன்னால் அழைத்துப் போனார்கள். மூன்று பேர். இரண்டு பேர் சாப்பாட்டுக்குப் பிந்தைய கண்களோடு இருந்தார்கள். மூன்றாமவர், ஒரு கண்ணாடிக்காரர், கன்றுக்குட்டி மடியைப் பார்ப்பதுபோலத் திருகைப் பார்த்தார். வில் என்ன தடிமன், எத்தனை சுற்று, எங்கே வாங்குகிறீர்கள், வார்ப்புக்கு என்ன கலவை என்று அவர் கேட்கக் கேட்க லிஃப்ட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இவ்வளவு அக்கறையாக அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். அவர் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்து விளக்கினார்.

மனைவிதான் கடைசியில் கேட்டார். "சார், உங்க சட்டைப்பையில அந்தப் பெரிய அடுப்புக் கம்பெனி அட்டை தொங்குதே. நீங்க அங்கதானே வேலை பாக்கறீங்க?"

கண்ணாடிக்காரர் கொஞ்சமும் கலங்கவில்லை. "காலையில அங்க, மத்தியானம் இங்க. ரெண்டையும் நான் கலக்கறதே இல்லைம்மா."

செயலர் மனைவியின் பக்கம் குனிந்து கனிவாகச் சொன்னார்: "அடுப்பைப் பத்தி யாருக்கும்மா தெரியும்? அடுப்பு செய்யறவங்களுக்குத்தானே? ஒண்ணும் தெரியாதவங்ககிட்ட உங்க கருத்தைக் காட்டினா, அது உங்களுக்கு அவமரியாதை இல்லையா?"

வரைபடங்களையும் ஒரு மாதிரித் திருகையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பியதும் விஷயத்தைக் கேட்ட மாமியார், "பூனைகிட்டயே பாலைக் கொடுத்து, பூனை வராம பாத்துக்கோன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றார். பால் விஷயத்தில் கருத்துச் சொல்ல அவருக்கு யோக்கியதை இல்லை என்று மகள் பதில் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து ஒரு சங்கடம். வீட்டு அடுப்பில் மாட்டியிருந்த திருகு நேரத்துக்கு அணைக்கவில்லை. லிஃப்ட்டுக்காரர் பிரித்துப் பார்த்தார். அடுப்புச் சூடு தினம் ஏறி ஏறி வில் நைந்துபோயிருந்தது. சூடு தாங்குகிற வேறு வில்லைத் தேடிப் பிடித்தார். அதற்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு தகடு வைத்தார். அதுவரை விற்ற வீடுகளுக்கெல்லாம் மனைவியோடு நடையாய் நடந்து பழைய வில்லை மாற்றிக் கொடுத்தார். பிறகு, திருத்திய வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

செயலர் கண்ணைத் திறந்தே வருத்தப்பட்டார். "முடியாதே. பதிவு பண்ணி வெச்ச கருத்தைத் தொடக் கூடாது. தொட்டா அது வேற கருத்தாயிடும். அப்புறம் பழைய கருத்தை யாரு காப்பாத்தறது?"

"பழசுல தப்பு இருக்குங்க."

"தப்பையும் சேர்த்துத்தான் நாங்க காப்பாத்தறோம். கவலையே படாதீங்க."

*

'அணைந்தது' சந்தைக்கு வந்த அன்று, அதை முதலில் பார்த்தது மனைவிதான். அவர் வேலை பார்த்த கடைக்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். அதே திருகு. தலையில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அணையும். கன்னத்தில் பள்ளம்கூட அதே இடத்தில் இருந்தது.

லிஃப்ட்டுக்காரர் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். படியில் அச்சு விழுந்த சத்தம் அவருக்குக் காதில் கேட்டது. பிறகு சிரித்துவிட்டார். "மாட்டிக்கிட்டாங்க! வேற எதை வேணா அவங்களே யோசிச்சதா சொல்லலாம். நான் கைதவறிக் கீழ போட்டதையுமா யோசிச்சிருப்பாங்க?"

இந்தச் சிரிப்போடுதான் வாரியத்துக்குப் போனார். செயலர் எழுந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்!"

"எதுக்குங்க?"

"உங்க கருத்து நல்ல கருத்துன்னு நிரூபணமாயிடுச்சே! மோசமான கருத்தை எந்தப் பெரிய கம்பெனியாவது தொடுமா? எத்தனை பேர் இங்க வந்து, 'எங்களுதை யாருமே காப்பி அடிக்க மாட்டேங்கறாங்க'ன்னு அழறாங்க தெரியுமா?"

"திருடிட்டாங்கன்னு புகார் கொடுக்க வந்திருக்கேன்."

செயலரின் முகம் சுருங்கியது. "அந்த வார்த்தையெல்லாம் இங்க புழங்கறதில்லை. இதுக்கு 'ஒத்த சிந்தனை'ன்னு பேரு. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தோணறது. சின்னவங்களுக்குக் கொஞ்சம் முன்னால தோணும். பெரியவங்களுக்குக் கொஞ்சம் பின்னால, ஆனா நிறையத் தோணும்."

மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையாட்டினார். "சரியாத்தானே சொல்றாங்க. ஒத்தைச் சிந்தனைதான். யோசிச்சது ஒத்தை ஆளு. விக்கிறதுதான் ரெண்டு பேரு."

விசாரணை நடந்தது. வாரியத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். பெரிய கம்பெனியின் சார்பில் கண்ணாடிக்காரர் வந்தார். அன்றைக்கு மத்தியானமும் அவர் அந்தப் பக்கம்தான். லிஃப்ட்டுக்காரர் இரண்டு திருகுகளையும் மேசைமேல் வைத்து, நசுங்கிய அச்சையும் தூக்கிவந்து காட்டினார்.

தலைவர் பள்ளத்தைத் தடவினார். "இது எப்படி வந்துச்சு?"

"கைதவறிக் கீழ விழுந்து நசுங்கிடுச்சுங்க."

"அப்போ இது ஒரு கோளாறு."

"ஆமாங்க."

தலைவர் கண்ணாடிக்காரரிடம் திரும்பினார். "உங்களுதுல?"

"இது பெருவிரல் பள்ளம் சார். வயசானவங்க விரல் வழுக்காம இருக்கறதுக்காக ஒரு தனிப் பிரிவே வெச்சு ஆராய்ச்சி பண்ணி உண்டாக்கினது. முறையாப் பதிவு பண்ணியிருக்கோம்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து பேசினார். மனைவிக்கு அந்தப் பேச்சு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "இந்த வாரியம் பெரியவங்க பக்கமும் இல்லை, சின்னவங்க பக்கமும் இல்லை. தராசு மாதிரி. தராசுல எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் சாயறது தராசோட தப்பா? அவங்களுது வசதி. உங்களுது கோளாறு. ஒரு வசதியும் ஒரு கோளாறும் எப்படி ஒண்ணாகும்? ரெண்டும் வேற வேற பொருள். பெரிய கம்பெனி உங்க வரைபடத்தைக் கண்ணால்கூடப் பாக்கலைன்னு வாரியம் முடிவு பண்ணுது."

"அவர்தாங்க அதை விரிச்சுப் பாத்தாரு! இதே மேசையில!" என்று மனைவி கண்ணாடிக்காரரைக் காட்டினார்.

"அது மத்தியானம்" என்றார் கண்ணாடிக்காரர்.

அடுத்த வாரம் இன்னொரு உத்தரவு வந்தது. லிஃப்ட்டுக்காரரின் திருகில் இருக்கும் கோளாறு, பதிவுபெற்ற பெருவிரல் பள்ளத்தைப் பார்த்துச் செய்ததுபோல இருப்பதாகப் பெரிய கம்பெனி புகார் கொடுத்திருந்தது. பள்ளத்தை உடனே எடுக்க வேண்டும். 'அணைச்சாச்சு' என்ற பெயரும் 'அணைந்தது' வாங்க வருகிற மக்களைக் குழப்புகிறது; அதையும் மாற்ற வேண்டும்.

கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. பாத்திரக்கடை முதலாளி தெருவில் இவரைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். வேலைக்கு வந்த மூன்று பெண்களும் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். பெரிய கம்பெனிக்குத் திருகு கோக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஊரிலேயே அது தெரிந்தவர்கள் இவர்கள்தான். கடைசியாகப் போன பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்கக்கா. அங்க போயும் அதே வேலைதான். ஒரு வித்தியாசமும் இல்லை." ஆறுதலுக்காகச் சொன்னதுதான்.

லிஃப்ட்டுக்காரர் மறுபடி லிஃப்ட் வேலைக்குப் போனார்.

*

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒருநாள் செய்தியில் ஒரு தீ விபத்தைச் சொன்னார்கள். தனியாக இருந்த ஒரு பெரியவர். சமையலறை எரிந்தது, அணைக்கப் போய் இரண்டு கையும் வெந்துபோனது. அடுப்பு எப்படி அணையாமல் இருந்தது என்று தெரியவில்லை என்றார்கள்.

லிஃப்ட்டுக்காரருக்குத் தெரிந்தது. கடையிலிருந்து வாங்கிவந்த 'அணைந்தது' அலமாரியில் கிடந்தது. பிரித்தார். உள்ளே பழைய வில். தகடு இல்லை. வாரியம் தப்பையும் சேர்த்துப் பத்திரமாகக் காப்பாற்றியிருந்தது. பெரிய கம்பெனி அதையும் விட்டுவைக்கவில்லை.

"எத்தனை வீட்டுல மாட்டியிருக்காங்களோ" என்றார்.

மனைவி அந்த வில்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எரியட்டும்னு சொல்ல வாய் வருது. ஆனா எரியறது கம்பெனி இல்லையே. போய்ச் சொல்லிட்டு வாங்க. சும்மாவே சொல்லிட்டு வாங்க."

பெரிய கம்பெனியின் வரவேற்பறையில் கண்ணாடிக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உண்மையாகவே பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க! வெளியாள் சொல்ற எந்த யோசனையையும் கேக்கறதில்லைங்கறது எங்க கொள்கை. கேட்டுட்டோம்னா, நாளைக்கு நாங்க அதை உங்ககிட்டேர்ந்து எடுத்தோம்னு பேர் வந்துடும்."

"வில்லை மாத்தலேன்னா வீடுங்க எரியும் சார்!"

"எங்க கம்பெனி நேர்மைக்குப் பேர் போனது. அதை விட்டுக்கொடுக்க முடியாது."

அங்கிருந்து வாரியத்துக்கு ஓடினார். செயலர் பொறுமையாகக் கேட்டார். இந்த முறை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திருத்திய வரைபடம், புது வில், தகடு. லிஃப்ட்டுக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. இதற்குள் இன்னும் இரண்டு வீடுகளில் அடுப்பு அணையவில்லை. ஒரு வீட்டில் ஆள் இல்லை. இன்னொன்றில் இருந்தார்கள்.

வாரியம் அவசரமாகக் கூடியது. லிஃப்ட்டுக்காரர் தனக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். தலைவர் உத்தரவைப் படித்தார்.

"குறையுள்ள வரைபடத்தை வாரியத்திடம் கொடுத்து, அதை நம்பிய ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பெரும் இழப்பும் அவப்பெயரும் உண்டாக்கிய குற்றத்துக்காக..."

லிஃப்ட்டுக்காரரின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. "ஐயா! என் வரைபடத்தைப் பாத்துத்தான் செஞ்சாங்கன்னு நீங்களே சொல்றீங்களே! அதைத்தானே நான் அன்னிக்குத் தொண்டை கிழியச் சொன்னேன்!"

தலைவர் குழந்தையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "அது வேற வழக்கு, இது வேற வழக்கு. அந்த வழக்குல அவங்க உங்க வரைபடத்தைப் பாக்கலைன்னு தீர்ப்பாயிடுச்சு. அதை இனிமே மாத்த முடியாது. இந்த வழக்குல பாத்திருக்காங்க, பாத்து ஏமாந்திருக்காங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"நான் திருத்திக் கொண்டுவந்தேனே! வாங்க மாட்டேன்னுட்டாரே!"

செயலர் கண்ணை மூடிக்கொண்டு, "அதுலேயே தெரியுதே, தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு" என்றார்.

தண்டனையைத் தலைவர் கருணையோடு அமைத்திருந்தார். சிறைக்கு அனுப்பவில்லை. பெரிய கம்பெனி விற்ற வீடுகளுக்கெல்லாம் லிஃப்ட்டுக்காரரே நேரில் போய் வில்லை மாற்றிக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மக்கள் யாரோ எவரோ என்று பயப்படுவார்கள். தான் யார் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது.

"மாட்டேன்னு சொல்லிடுங்க" என்றார் மாமியார் வீட்டில். "நீங்க விதைச்சதை எவனோ அறுக்கறான். கதிரைச் சுமந்து கொண்டுபோய் வேற போடணுமா?"

"போகலேன்னா யாரு அத்தை போவாங்க?" என்றார் லிஃப்ட்டுக்காரர். மாமியார் எழுந்துபோய் அடுப்புத் திருகின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கம்பெனி ஒரு நீலச் சட்டையைக் கொடுத்தது. அளவு பெரிது. மனைவி கையை மடித்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை என்பதால், தன் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் கூட நடந்தார்.

அந்த வருடத்து ஆண்டுவிழாவில் வாரியம் பெரிய கம்பெனிக்குக் கேடயம் கொடுத்தது. வீடு தேடிப் போய்ப் பழுதை நீக்கிய பொறுப்புணர்ச்சிக்காக. "ஒரு நிறுவனம் தன் தவறல்லாத தவறைத் தன் தவறுபோல ஏற்றுக்கொள்வது வரலாற்றில் இதுவே முதல்முறை" என்று தலைவர் பேசினார். லிஃப்ட்டுக்காரருக்கும் அழைப்பு வந்திருந்தது. அன்றைக்குப் போக வேண்டிய வீடுகள் இருந்ததால் அவர் போகவில்லை.

அன்று அவர்கள் போன வீடுகளில் ஒன்று, ஒரு குறுகலான மாடி வீடு. தனியாக இருந்த ஓர் அம்மா கதவைச் சங்கிலியோடு திறந்து, முதலில் சட்டையைப் பார்த்து, பிறகுதான் ஆளைப் பார்த்தார். சட்டை அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளே விட்டார்.

லிஃப்ட்டுக்காரர் அடுப்புமுன் மண்டியிட்டுத் திருகைக் கழற்றினார். வில்லை எடுத்தபோது அது விரலிலேயே துவண்டது. இன்னும் சில நாள்கூடத் தாங்கியிருக்காது. மனைவி புதியதை நீட்டினார். மாட்டி, பற்றவைத்து, மூவரும் தள்ளி நின்று காத்திருந்தார்கள். நீலச் சுடர் எரிந்தது. யாரும் தட்டவில்லை. திருகு மெல்ல ஒரு முனகலோடு திரும்பி, சுடர் உள்ளே போனது.

"அடடா" என்று அந்த அம்மா கையைத் தட்டினார். "என்ன அருமையா யோசிச்சிருக்காங்க உங்க கம்பெனியில! வீடு தேடி வேற ஆள் அனுப்பறாங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

மனைவி பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வாசல்வரை வந்த அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இதே மாதிரி டூப்ளிகேட் செஞ்சு வித்துக்கிட்டு ஒருத்தன் திரிஞ்சானாம். இந்த வில்லு தொல்லையே அவனாலதான் வந்துச்சாம். டீவில சொன்னாங்க. வீடு வீடாப் போறவங்க நீங்க. எங்கயாவது கண்ணுல பட்டா விட்டுடாதீங்க, பிடிச்சுக் கொடுத்துடுங்க."

"சரிங்கம்மா" என்றார் லிஃப்ட்டுக்காரர். "அடுப்பு எரியறப்போ அப்பப்போ தட்டிக்கங்க."

பக்கத்து வீட்டு மணியை மனைவி அதற்குள் அழுத்தியிருந்தார்.